கிணற்றுக்காக நீ காய்ச்சிய பெர்மாங்கனேட்

என் பிரியமான எஸ்தர் அக்காவுக்கு,

நீ போனபின் என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. துக்கம் கேட்க வருகிறவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே எழுந்து போய்விடுகிறேன். அம்மா திட்டுகிறாள்.

கடற்கரைத் தெருவில் காலரா வந்தபோது, யுத்தத்தால் சரக்கு வராமல், கிணற்றில் ஊற்றிக் கிருமி கொல்லும் பெர்மாங்கனேட் ஆஸ்பத்திரியிலும் தீர்ந்திருந்தது. "நம்ம ஸ்கூல் லேபுல பிராணவாயு செய்ய மாங்கனீஸ் பொடி வச்சிருக்கோம்லா? அத வச்சு நானே செய்யுதேன்" என்று கிளம்பினாய். நீ கெமிஸ்ட்ரி டீச்சர். அதே பள்ளியில் தையல் சொல்லித்தரும் எனக்கு என்ன தெரியும்? கறுப்புப் பொடியோடு காஸ்டிக் பொட்டாஷும் குளோரேட்டும் சேர்த்து நீ உருக்கினாய். நான் அடுப்பை விசிறினேன். ஆறியதும் கரும்பச்சைக் கட்டி. கரைத்தாலும் பச்சை. மருந்தென்றால் ஊதாவாக வரவேண்டுமாம்.

"நடுவுல ஒரு மாங்கனீஸ், சுத்தி நாலு ஆக்சிஜன். பச்சையிலயும் அப்படித்தான், ஊதாவுலயும் அப்படித்தான். ஒரே ஒரு எலக்ட்ரான் போனாப் போதும்" என்று மேசைமேல் சாக்பீஸால் வரைந்து காட்டினாய். அந்த ஒன்று போகவில்லை. அதற்குள், அந்தத் தெரு நோயாளிகளைத் துடைத்துவிட்ட உன்னையே வாந்தியும் பேதியும் பிடித்துக்கொண்டன.

கண் குழிந்து கிடந்தபோதும், "பொட்டாஷ் காரம் கூடிப்போச்சு, ஏளா. மூச்சுல உள்ள கரியமில வாயு அத முறிச்சிரும். கண்ணாடிக் குழாய உள்ள விட்டு ஊது. வாய்க்குள்ள இழுத்துராத" என்றாய். அதற்குப் பிறகு நீ பேசவில்லை. வேறேதும் சொல்ல நினைத்தாயா அக்கா?

உன்னை அடக்கம் செய்துவிட்டு வந்த சாயங்காலம் ஊதினேன். கன்னம் வலித்தது, தலை சுற்றியது. பச்சை கலங்கி, நீலம் தட்டி, மெல்ல ஊதா வந்தது. துணியில் வடித்தால் மருந்து வீணாகும் என்று நீ சொல்லியிருந்தாயே. கறுப்பு மண்டி அடியில் தங்கும்வரை காத்திருந்து மேலாக இறுத்தேன்.

கிணற்றடியில் சலேத்தம்மாள் மறித்துக்கொண்டாள். மகனை அந்த நோய்க்குப் பறிகொடுத்தவள்.

"மாதாவே! கெணத்துல என்னத்த ஊத்துதிய? மிச்சம் இருக்கவங்களையும் கொல்லவா?"

"எங்க அக்கா செஞ்ச மருந்து. ஒங்க தெருவுக்குன்னு வந்துதான் அவளும் செத்தா."

அவள் வழிவிட்டாள், நான் ஊற்றினேன். பிறகு தானே வாளியை இறக்கி, தண்ணீர் முழுக்க இளஞ்சிவப்பாகும்வரை கலக்கிவிட்டாள்.

அந்தத் தெருவில் அப்புறம் யாருக்கும் நோய் காணவில்லை. மருந்தாலா, தானாகவே ஓய்ந்ததா? உன்னைத்தான் கேட்கவேண்டும், உன்னை எங்கே கேட்பேன்?

இன்று காலை உப்பளத்துப் பக்கம் ஒரு குழந்தைக்குக் கண்டிருக்கிறதாம். அடுப்பு மூட்டிவிட்டேன். பொட்டாஷ் இன்னும் ஒருமுறைக்குத்தான் வரும். சலேத்தம்மாளும் என்னோடு வருகிறாள்.

வெயில் தாழுமுன் அந்தக் கிணற்றிலும் ஊற்றிவிடுவேன், அக்கா. அதன்பிறகு வந்து உட்கார்ந்து உனக்காக அழுவேன்.

உன் கூடப்பிறந்தவள்,
ரூத்