தாப்பேயில் விழுந்த சிவப்பு

மார்ச் 6, வியாழன்

கூடையைத் திறந்ததும் முதலில் கண்ணில் பட்டது, கிழங்கின் ஓரத்தில் கடுகளவு ஒரு சிவப்புப் புள்ளி. அடுத்த கூடையில் இரண்டு. அதற்கடுத்ததில் பூத்தே போயிருந்தது. வேகவைத்த மரவள்ளியில் புளிக்கவைக்கும் தூளைத் தூவி, வாழையிலையால் மூடிவைத்த தாப்பே. நோன்பு மாதத்தில் எங்கள் பொண்டோவோசோ ஊர் முழுக்கக் கேட்கும் தாப்பே. அத்தனையும் பாழ்.

புவாதி அத்தை கூடையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். "செவ்வாக்கிழமை மத்தியானம் தண்ணி குடிச்சியேடி. நோன்பு இல்லாத நாள்ல தூளைத் தொடலாமா? தாப்பே சிவக்காம என்ன செய்யும்?"

தண்ணீர் குடித்தது உண்மைதான். மாதத்தில் அந்த நாட்களில் பெண்களுக்கு நோன்பு இல்லை. ஆனால் —

அந்த 'ஆனால்' வாயை விட்டு வரவில்லை. எனக்கு எப்போது வந்திருக்கிறது?

"சனிக்கிழமை வகுப்புதான் உன் புத்தியக் கெடுக்குது. பெருநாளோட நிறுத்திடு, மிஸ்னா" என்றாள் அம்மா.

எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டபோது நான் அழவில்லை. இன்று அழுதேன்.

மார்ச் 8, சனி

வேளாண் பள்ளியின் ஆய்வுக்கூடம். எங்களைப் போல் பாதியில் படிப்பை விட்டவர்களுக்குச் சனிக்கிழமை மட்டும் திறக்கிறார்கள். ஸ்பிரிட் விளக்கின் நீலச் சுடருக்குப் பக்கத்தில் வைத்து, கிருமிகளை வளர்த்துப் பார்க்கும் சூடான கடற்பாசிக் கூழைக் கண்ணாடித் தட்டில் ஊற்றினேன். ஒரு குமிழிகூட இல்லை! அது மெல்ல இறுகுவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம் போலிருந்தது.

"திறந்த தட்டுக்கு மேல யாரும் பேசக்கூடாது" என்றார் ஆசிரியை இபு லிலிக். தூள் தூவும்போது அத்தையும் இதையேதான் சொல்வாள். பேசாமல் இருப்பதற்குப் பாராட்டு கிடைக்கும் அறை உலகத்தில் இது ஒன்றுதான்.

சுவரில் நான்கு பெண் விஞ்ஞானிகளின் படங்கள். மூன்றாவது, டாக்டர் சுலாஸ்த்ரி. மலாங் ஊர்ப் பெண், பூஞ்சைகளை ஆராய்ந்தவர். வாயைத் துணியால் கட்டியிருக்கிறார். கொண்டையில் பேனா. இவரிடம் சிவந்த தாப்பேயைக் கொடுத்திருந்தால் யார் முகத்தைப் பார்த்திருப்பார்? யார் முகத்தையும் பார்த்திருக்க மாட்டார். தாப்பேயைத்தான் பார்த்திருப்பார்.

இபுவிடம் நான்கு தட்டுகள் கேட்டேன். நானே கேட்டேன்.

அதே நாள், நோன்பு திறந்த பிறகு

ஒரு தட்டில் என் விரல். இன்னும் எனக்கு அந்த நாட்கள்தான். இன்னொன்றில் அம்மாவின் விரல். மூன்றாவதில் வாழையிலை. நான்காவதில், கிழங்கை ஆறவைக்கும் முறத்தை அத்தை துடைக்கும் துணி.

"விரலை அழுத்தச் சொல்றியே, நிலத்தை எழுதி வாங்கப் போறியா?" என்றாள் அம்மா.

"கடற்பாசிய இப்படி வீணாக்குறாளே. சக்கரையாவது போட்டியாடி?" இது அத்தை.

தட்டுகளை மூடி, நாடா ஒட்டி, அலமாரி மேல் வைத்தேன்.

மார்ச் 10, திங்கள்

வெள்ளைப் புள்ளிகள் மட்டும். பொறு.

மார்ச் 11, செவ்வாய்

சிவப்பு!!

துணித் தட்டு முழுக்கச் சிவப்பு. மற்ற மூன்றிலும் ஒரு பொட்டுகூட இல்லை.

விரல் தட்டுகள் இரண்டையும் அம்மா முன்னால் வைத்தேன். மூடியிருந்த தட்டுதான், ஆனாலும் தூள் தூவும்போது செய்வதுபோல் வாயைப் பொத்திக்கொண்டுதான் குனிந்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"இதுல எது உன்னுது?"

"நீயே சொல்லும்மா."

அவளால் சொல்ல முடியவில்லை. எழுதிவைத்த பெயரைப் பார்க்காவிட்டால் எனக்கும் தெரியாது.

"அப்ப என் துணி மேல பழியா?" என்று அத்தை விருட்டென்று எழுந்து போய்விட்டாள். எனக்கு வருத்தம்தான். ஆனாலும் நெஞ்சுக்குள் ஏதோ நிமிர்ந்து நின்றது.

மார்ச் 14, வெள்ளி

"நாளைக்கு வகுப்புக்குச் சீக்கிரம் கெளம்பு. தட்டை ஆட்டாம எடுத்துட்டுப் போ" என்றாள் அம்மா. அவ்வளவுதான் சொன்னாள். போதும்.

மார்ச் 15, சனி

வகுப்பின் முன்னால் நின்று நானே சொன்னேன். பாதியில் நிறுத்தவில்லை. இபு லிலிக் தட்டுகளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "நல்லா பண்ணியிருக்க. ஆனா ஒரு தடவ இந்த முடிவு வந்தா போதாது. அடுத்த மாசமும் வரட்டும், பாப்போம்."

"அடுத்த மாசம் வராம எங்க போகும், இபு!" என்றாள் பின்வரிசை உல்ஃபா. வகுப்பே சிரித்தது. நானும்.

கிளம்பும்போது டாக்டர் சுலாஸ்த்ரி படத்தின் கீழே கொஞ்சம் நின்றேன். யாரும் பார்க்கவில்லை.

ஏப்ரல் 2, புதன்

பெருநாளுக்கு வந்த சொந்தங்கள் இன்னும் போகவில்லை. தாப்பே தீர்ந்துவிட்டது. விடிந்ததும் புதுக் கிழங்கு வேகவைத்தோம்.

முறத்தில் ஆவி அடங்கியதும் அம்மா கேட்டாள். "இன்னிக்கு உனக்கு...?"

"ஆமாம்மா. நேத்துலேருந்து."

எல்லோருக்கும் கேட்கும்படியே சொன்னேன்.

அத்தை உள்ளேயிருந்து ஒரு துணியைக் கொண்டுவந்து போட்டாள். புதுசு, இன்னும் ஆவி பறந்தது. "ரெண்டு தடவ கொதிக்க வச்சாச்சு. இனிமே சிவந்தா என்னைக் கேக்காதே."

அம்மா தூள் கிண்ணத்தை என் பக்கம் தள்ளினாள்.

கையைக் கழுவினேன். வாயை மூடிக்கொண்டு, தூவ ஆரம்பித்தேன்.