சேஸிமின் பெயரில் நான் வாசித்த தொண்ணூற்று நான்கு சொற்கள்

அனுப்புநர்:
து. ஆய்பெரி,
ஐந்தாம் வகுப்பு மாணவி,
சரி-கயிங் கிராமப் பள்ளி.

பெறுநர்:
ஆய்வாளர் குல்சைரா அம்மையார் அவர்கள்,
தொடக்கக் கல்விப் பிரிவு,
மாவட்டக் கல்வி அலுவலகம்.

பொருள்: டிசம்பர் 10 அன்று எங்கள் பள்ளியின் பிற்பகல் வாசிப்பு வகுப்பில் நடந்த ஏமாற்றைத் தெரிவித்தல் – மூன்றாம் வகுப்பு மாணவி இ. சேஸிமைச் சிறப்பு விடுதிப் பள்ளிக்கு அனுப்புவதை நிறுத்தக் கோருதல் – வாசிப்பு வகுப்பை மீண்டும் திறக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய அம்மையார் அவர்களுக்கு,

இந்த மனுவைத் தயவுசெய்து யாரிடமும் காட்ட வேண்டாம். முக்கியமாக எங்கள் தலைமை ஆசிரியர் தஷ்தான்பெக் அவர்களிடம் காட்ட வேண்டாம். படித்ததும் கிழித்துவிடுங்கள் என்று கேட்கத்தான் நினைத்தேன். கிழித்துவிட்டால் சேஸிமுக்கு எந்தப் பயனும் இல்லை என்பதால் அதைக் கேட்கவில்லை. வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு, மாவு மூட்டைகள் வைக்கும் சிறிய அறையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் மன்னிக்கவும். மனு எழுதும் முறை எனக்குப் பள்ளியில் சொல்லித்தந்ததுதான். ஆனால் இதற்குமுன் உண்மையாக ஒரு மனு எழுதியதில்லை.

1. எங்கள் பள்ளியில் சென்ற செப்டம்பர் முதல் பிற்பகலில் இரண்டு வகுப்புகள் நடந்தன. ஒன்று, கணக்கில் கெட்டிக்காரர்களான பிள்ளைகளைப் போட்டிகளுக்குத் தயார்ப்படுத்தும் வகுப்பு. நான் அதில் படிக்கிறேன். மற்றொன்று, வாசிக்கச் சிரமப்படும் சிறிய பிள்ளைகளுக்கான வகுப்பு. அதை நடத்தியவர் ஆசிரியை ஊல்கான். அவர் என் அம்மா. பள்ளியில் ஆசிரியர்களை 'அகாய்' என்றும் ஆசிரியைகளை 'எஜே' என்றும் கூப்பிடுவோம்; நானும் எல்லோரையும் போல அவரை 'எஜே' என்றுதான் கூப்பிட வேண்டும். எனவே இந்த மனுவில் நான் எழுதுவது என் அம்மாவுக்கு எதிராகவும்தான் இருக்கிறது. அதை அறிந்தே எழுதுகிறேன்.

2. சேஸிம் வாசிப்பு வகுப்பில் இருந்தவள். அவளுடைய அப்பா இமான்காசி ஆடு மேய்ப்பவர். முதல் வகுப்பில் அவள் நவம்பரில்தான் மலையிலிருந்து இறங்கி வந்தாள், ஏப்ரலில் திரும்பவும் மேலே போய்விட்டாள். இப்போது கிராமத்தில் அத்தை வீட்டில் தங்கிப் படிக்கிறாள். செப்டம்பரில் வைத்த சோதனையில் அவள் ஒரு நிமிடத்தில் ஏழு சொற்கள் வாசித்தாள். அவளுக்கு ஞாபகசக்தி குறைவு என்று இப்போது எழுதியிருக்கிறார்கள். அது சரியல்ல. ஆடுகளின் காதில் வெட்டியிருக்கும் அடையாளத்தைப் பார்த்து, எந்த ஆடு எந்த வீட்டுடையது என்று கிராமம் முழுவதற்கும் அவள் சொல்வாள். என் அம்மா அதை வைத்தேதான் அவளுக்கு எழுத்து சொல்லித்தந்தார். பலகையில் ஓர் ஆட்டுக் காதை வரைந்து, அதில் வெட்டு போல ஓர் எழுத்தைப் போடுவார். "இது யார் வீட்டு ஆடு, சொல்லு பாப்போம்?" என்பார். சேஸிம் எழுத்தின் பெயரைச் சொல்வாள். டிசம்பர் முதல் வாரத்தில் அவள் இருபத்து மூன்று சொற்கள் வாசித்தாள்.

ஏழிலிருந்து இருபத்து மூன்று. அதைத்தான் நாங்கள் உங்களிடமிருந்து ஒளித்தோம்.

3. டிசம்பர் 10 அன்று நீங்கள் பார்வையிட வருவதாகவும், செப்டம்பரில் மிகக் குறைவாக வாசித்த சேஸிமை நேரில் கேட்க வேண்டும் என்றும் பள்ளிக்குத் தொலைபேசியில் சொல்லியிருந்தீர்கள். அதற்கு முந்தைய நாள், ஆசிரியர் அறைக்குச் சுண்ணாம்புக்கட்டி எடுக்கப் போனபோது நான் கேட்டதை அப்படியே எழுதுகிறேன்.

தலைமை ஆசிரியர் என் அம்மாவிடம் சொன்னார்: "விருந்தாளி வர்ற அன்னிக்குக் கிழிஞ்ச மெத்தையை எடுத்து நடு வீட்டுல விரிப்பியா, ஊல்கான்? இருபத்து மூணு சொல்லு படிக்கிற பிள்ளையக் காட்டினா, மூணு மாசமா என்னத்தக் கிழிச்சீங்கன்னு வகுப்பையே மூடிட்டுப் போயிடுவாங்க. ஊரே சிரிக்கும்."

"மூணு மடங்கு கூடியிருக்கு அகாய். அதைச் சொல்லுவோமே."

"மடங்கு கணக்கெல்லாம் யார் பாக்கப் போறா? உன் பொண்ணு குள்ளமாத்தானே இருக்கா. தலையில ரெண்டு வெள்ளை ரிப்பன் கட்டி உக்கார வை. அவளும் மூணாவது மாதிரிதான் தெரிவா."

"பிள்ளைய இதுல இழுக்காதீங்க."

"அப்ப நீயே ஒரு வழி சொல்லு."

நான் சுண்ணாம்புக்கட்டி எடுக்காமலே திரும்பி வந்துவிட்டேன்.

4. அன்று மாலை வீட்டில் அம்மா என்னைப் பயிற்சி செய்ய வைத்தார். "அறுபதுக்கு மேல போகாத. நடுவுல ரெண்டு தடவை தடுமாறு. அறுபதுன்னா, தேறிட்டு வர்றா, இன்னும் ஒரு வருஷம் வகுப்பு வேணும்னு எழுதுவாங்க. அது போதும் நமக்கு. புரிஞ்சுதா?" என்றார். புரிந்தது என்று சொன்னேன். அம்மா என் முகத்தைப் பார்க்காமல் ரிப்பனுக்கு இஸ்திரி போட்டார்.

5. அடுத்து நடந்ததில் பெரிய தவறு என்னுடையது. நீங்கள் 'இமான்காசி மகள் சேஸிம்' என்று கூப்பிட்டீர்கள். "இருக்கேன் எஜே" என்று நான் எழுந்தேன். குதிரைக்குட்டி ஆற்றைக் கடக்கும் பாடத்தைக் கொடுத்து, கையில் இருந்த கடிகாரத்தை அழுத்தினீர்கள். அம்மா சொன்னபடி முதல் வரியில் தடுமாறினேன். அப்போது நீங்கள் உங்களுடன் வந்திருந்தவரிடம் மெதுவாக, "பாவம், திணறுது" என்றீர்கள். நீங்கள் கருணையாகத்தான் சொன்னீர்கள். ஆனால் எனக்குச் சுருக்கென்றது. என்னைப் பார்த்து இதுவரை யாரும் பாவம் என்று சொன்னதில்லை. பின் வரிசையில் கணக்கு வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேர் நாற்காலியை நிரப்புவதற்காக உட்கார வைக்கப்பட்டிருந்தார்கள். அவர்கள் சிரிப்பது போல இருந்தது. நான் சேஸிம் என்பதை மறந்து என் வேகத்தில் வாசித்தேன். தொண்ணூற்று நான்கு சொற்கள்.

எல்லோரும் கைதட்டினார்கள். நீங்கள் என் தலையைத் தடவி ஒரு சாக்லேட் கொடுத்தீர்கள். அம்மா அடுப்பின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். அவர் கைதட்டவில்லை. அந்தச் சாக்லேட்டை நான் சேஸிமிடம் கொடுத்துவிட்டேன். அது அவள் பெயருக்குக் கொடுக்கப்பட்டது.

6. அந்த நேரத்தில் சேஸிம் பள்ளியில்தான் இருந்தாள். சுவருக்கு அந்தப் பக்கம், நிலக்கரி அறையில் உட்கார வைத்திருந்தார்கள். பிறகு அவள் என்னிடம், "என் பேரைக் கூப்பிட்டாங்க ஆய்பெரி அக்கா. நான் இருக்கேன் எஜேன்னு சொன்னேன். கரி அள்ற மாமா வாயைப் பொத்திட்டாரு, கையெல்லாம் கரி" என்றாள். உதட்டைச் சுற்றிக் கறுப்பாக இருந்தது. பிறகு கேட்டாள்: "நான் எத்தனை படிச்சேன்?"

"தொண்ணூத்தி நாலு."

"அவ்வளவா! அப்பாகிட்டச் சொல்லலாமா?"

சொல்லாதே என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அவள் அவ்வளவு சந்தோஷமாக இருந்தாள்.

7. மூன்றாம் நாள் அவளுடைய அப்பா பனியில் குதிரை ஏறி மலையிலிருந்து வந்தார். எங்கள் வீட்டுக்கு ஓர் ஆட்டுத் தொடையும் ஈரலும் கொண்டுவந்தார். வாசலில் நின்றே சிரித்துக்கொண்டு, "ஏழுல இருந்து தொண்ணூத்தி நாலு! எங்க வம்சத்துலயே இவ்வளவு வேகமா ஓடினது குதிரை மட்டுந்தான் எஜே!" என்றார். உள்ளே வந்து தேநீர் குடிக்கச் சொல்லியும் பூட்ஸில் பனி இருக்கிறது என்று மறுத்துவிட்டார். மனைவி ரஷ்யாவில் வேலை செய்வதாகவும், அவருக்கும் தொலைபேசியில் சொல்லிவிட்டதாகவும், அவர் அழுதுவிட்டார் என்றும் சொன்னார். அம்மா இறைச்சியைக் கையில் வாங்கிக்கொண்டு நின்றார். அன்று இரவு அதைச் சமைத்து எங்களுக்குப் பரிமாறினார், தான் தொடவில்லை. நான் சாப்பிட்டேன். பசியாக இருந்தது.

அத்தை வீட்டில் உறவினர்கள் கூடியபோது, சேஸிமை ஏதாவது வாசித்துக் காட்டச் சொல்லியிருக்கிறார்கள். கண் வலிக்கிறது என்று சொல்லிவிட்டாளாம்.

8. ஜனவரியில் உங்கள் அலுவலகக் கடிதம் வந்தது. வாசிப்பு வகுப்பு எதிர்பார்த்ததைவிட நல்ல பலன் தந்துவிட்டதால், அந்த மணிநேரங்கள் தேவை அதிகம் உள்ள வேறொரு கிராமப் பள்ளிக்கு மாற்றப்படுவதாக அதில் இருந்தது. கடிதத்தைத் தலைமை ஆசிரியர் காலை அணிவகுப்பில் பெருமையாக வாசித்தார். பாதி வாசித்த பிறகுதான் அவருக்கே புரிந்தது. மோசமாக வாசித்தால் மூடிவிடுவார்கள் என்று பயந்தோம். நன்றாக வாசித்ததால் மூடிவிட்டார்கள். நான் அறுபதில் நின்றிருந்தால் வகுப்பு இன்றும் நடந்துகொண்டிருக்கும்.

கணக்கு வகுப்பு மட்டும் நடக்கிறது. அதே அறை, அதே அடுப்பு, அதே தேநீர், அதே பொரித்த ரொட்டி. வாசிப்புப் பிள்ளைகள் பதினொரு பேரும் மதியமே வீட்டுக்குப் போய்விடுகிறார்கள்.

9. ஜனவரியில் மூன்றாம் வகுப்புக்கு ஜிபர் என்ற புதிய ஆசிரியை நகரத்திலிருந்து வந்தார். டிசம்பரில் நடந்தது அவருக்குத் தெரியாது. அவர்மேல் எந்தக் குற்றமும் இல்லை. பதிவேட்டில் சேஸிம் பெயருக்கு நேரே 94 என்று இருக்கிறது. அவர் வாசிக்கச் சொன்னபோது பத்தொன்பது வந்தது. வகுப்பு நின்றதால் இருபத்து மூன்றும் குறைந்துவிட்டது. இரண்டு மாதத்தில் தொண்ணூற்று நான்கிலிருந்து பத்தொன்பதா என்று அவர் பயந்துபோய், மூளையில் ஏதோ கோளாறு என்று நினைத்து, குழந்தைகளைச் சோதிக்கும் மருத்துவக் குழுவுக்கு எழுதிவிட்டார். வருகிற வியாழக்கிழமை அந்தக் குழு கூடுகிறது. முழு உதவியும் கிடைத்து, அதன் பிறகும் பின்தங்கிவிட்ட பிள்ளை என்று அவளை நகரத்துச் சிறப்பு விடுதிப் பள்ளிக்கு அனுப்புவார்கள் என்று பள்ளியில் பேசிக்கொள்கிறார்கள். அத்தை அவளுடைய துணிகளைத் துவைத்து மடித்து வைத்துவிட்டார்.

பையன்கள் அவளுக்குப் பெயரே வைத்துவிட்டார்கள். "ஏய் தொண்ணூத்தி நாலு! கடைப் பலகையில என்ன போட்டிருக்கு, படி பாப்போம்!" என்று பின்னாலேயே போகிறார்கள். சேஸிம் என்னை யாரிடமும் காட்டிக்கொடுக்கவில்லை. போன வாரம் என்னிடம், "நான்தான் மறந்துட்டேனோ அக்கா?" என்று கேட்டாள். அன்று வாசித்தது நான்தான் என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் பதிவேட்டில் இருக்கிறதே, ஊரே சொல்கிறதே, நாம்தான் ஒரு நாள் அப்படி வாசித்திருப்போமோ என்று அவளுக்கே தோன்ற ஆரம்பித்துவிட்டது.

10. உண்மையைச் சொல்லிவிடலாம் என்று அம்மா இரண்டு முறை தலைமை ஆசிரியரிடம் போனார். இரண்டாம் முறை நானும் வெளியில் நின்றேன். "சொன்னா உனக்கும் வேலை போகும், எனக்கும் போகும். அந்தப் பொண்ணுக்கு அங்க மூணு வேளை சாப்பாடு போடுறாங்க, சூடா இருக்கும், என்ன குறை?" என்று அவர் சொன்னார். அவரும் கெட்டவர் அல்ல. பள்ளிக் கூரை ஒழுகியபோது தானே ஏறி அடைத்தார். நம் பள்ளியை யாரும் குறைவாக நினைக்கக் கூடாது என்பது மட்டும்தான் அவருக்கு. அம்மா திரும்பி வந்து மாவு பிசைந்தார். தேவைக்கு இரண்டு மடங்கு மாவு பிசைந்துவிட்டார்.

எனவே தங்களைப் பணிவுடன் கேட்டுக்கொள்வது:

சேஸிம் பெயருக்கு எதிரே உள்ள 94 என்பதை அடித்துவிட்டு, 23 என்று எழுத வேண்டும். அந்தத் தொண்ணூற்று நான்கு என்னுடையது. அதை எங்கே எழுத வேண்டுமோ அங்கே எழுதிக்கொள்ளுங்கள்.

வியாழக்கிழமைக்கு முன் மருத்துவக் குழுவிடம் இதைத் தெரிவித்து, அவளை அனுப்புவதை நிறுத்த வேண்டும். முடிந்தால் முன்கூட்டிச் சொல்லாமல் நேரில் வந்து அவளை வாசிக்கச் சொல்லுங்கள். கடிகாரத்தை அவள் கண்ணில் படாமல் வைத்துக்கொண்டால் நல்லது. ஆட்டுக் காது வரைந்தால் இன்னும் நன்றாக வாசிப்பாள்.

வாசிப்பு வகுப்பை மீண்டும் திறக்க வேண்டும். மணிநேரம் போதவில்லை என்றால் எங்கள் கணக்கு வகுப்பின் நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கணக்கு வகுப்புப் பிள்ளைகளிடம் இதை நான் கேட்கவில்லை. அவர்கள் கோபப்படுவார்கள்.

வகுப்பை என் அம்மாவே நடத்த வேண்டும் என்று எழுதி, பிறகு அடித்துவிட்டேன். அதைக் கேட்க எனக்கு உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை. ஆனால் ஏழு சொற்களை இருபத்து மூன்று ஆக்கியவர் அவர்தான். தண்டனை கொடுப்பதாக இருந்தால் இதையும் சேர்த்துப் பாருங்கள்.

நாளைக் காலை மாவட்ட நகரத்துக்குப் போகும் வேன் ஓட்டுநரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். உறையின்மேல் 'கணக்குப் போட்டி விண்ணப்பம்' என்று எழுதியிருக்கிறேன். அதுவும் பொய்தான், மன்னிக்கவும். தங்கள் பதிலை வீட்டுக்கு அனுப்ப வேண்டாம். சேஸிம் வெள்ளிக்கிழமையும் வகுப்பில் அதே பெஞ்சில் உட்கார்ந்திருந்தால், தாங்கள் படித்துவிட்டீர்கள் என்று தெரிந்துகொள்வேன்.

இடம்: சரி-கயிங்
நாள்: 16.02.2026, திங்கட்கிழமை

இப்படிக்கு, தங்கள் உண்மையுள்ள

கதவைத் தட்டுகிறார்கள். அம்மா என்று நினைக்கிறேன். திறப்பதற்கு முன் கையெழுத்துப் போட்டுவிடுகிறேன்.

து. ஆய்பெ