உன் முறைப் பாட்டு

மேசை இழுப்பறையில் பேட்டரி தேடியபோது அந்தப் பழைய ஒயர் இயர்போன் கைக்கு வந்தது. வழக்கம்போல் முடிச்சு முடிச்சாகச் சிக்கியிருந்தது. மூக்கருகே கொண்டுபோனேன். நீ காதுக்குப் பின்னால் தேய்த்துக்கொள்ளும் தைலத்தின் வாசனை ஒரு பக்கத்தில் இன்னும் இருந்தது. இருந்ததா, நானாக நினைத்துக்கொண்டேனா, தெரியவில்லை. பேட்டரியை மறந்துவிட்டுச் சிக்கெடுக்க உட்கார்ந்துவிட்டேன். உன்னிடம் சொல்ல வேண்டிய செய்தி ஒன்று கொஞ்ச நாளாக என்னிடம் இருக்கிறது. நேரில் சொல்லியிருந்தால் சிரித்துச் சிரித்தே என் உயிரை வாங்கியிருப்பாய். அதனால்தான் எழுதுகிறேன்.

தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து அயனம்பாக்கத்துக்கு நாங்கள் குடிவந்த புதிதில் எனக்கு இங்கே ஒருவரையும் தெரியாது. அம்பத்தூரில் ஆபீஸ், திரும்பினால் அடுக்குமாடி வீடு. சாயங்காலம் ஏரிக்கரையில் தனியாகப் பாட்டுக் கேட்டுக்கொண்டு நடப்பேன். நீ இந்த ஊரிலேயே பிறந்தவள், வேலப்பன்சாவடியில் ஒரு கல்லூரி விடுதிக்கு வார்டன். ஒருநாள் பக்கத்தில் வந்து, கேட்காமல் கொள்ளாமல் என் ஒரு காதிலிருந்து இயர்போனை உருவி உன் காதில் வைத்துக்கொண்டாய்.

"இன்னாக்கா, ஊட்ல எதுனா பிரச்சினையா? இம்மாஞ் சோகமா கேட்டுகினு கீற?"

அது சோகப் பாட்டே இல்லை. புல்லாங்குழலில் தொடங்கி வயலின்கள் சேர்ந்துகொள்ளும் நல்ல காதல் பாட்டு. "பாட்டு எப்பக்கா ஸ்டார்ட் ஆவும்?" என்று நீ கேட்டதற்கு எனக்கு வந்த கோபத்தில் அன்றே உன்னோடு பேச்சை முறித்திருக்க வேண்டும். மறுநாளும் வந்து நின்றாய். அப்படித்தான் அந்தச் சட்டம் உண்டானது: ஒரு பாட்டு என் முறை, அடுத்தது உன் முறை. அடுத்தவர் பாட்டைப் பாதியில் நிறுத்தக் கூடாது. ஒயர் குட்டையாக இருந்ததால் தோளோடு தோள் உரச நடக்க வேண்டியிருந்தது. எதிரே யாராவது வந்தால் இரண்டு பேரும் ஒரே பக்கம் ஒதுங்குவோம்.

உன் போனில் இயர்போன் ஓட்டை கெட்டுப்போயிருந்தது. ஆகவே எல்லாப் பாட்டும் என் போனில்தான். உனக்குத் தட்டச்சப் பொறுமை கிடையாது. போனை வாய்க்கு நேராகப் பிடித்து விடுதிப் பிள்ளைகளை அதட்டுகிற குரலில் பாட்டின் பெயரைச் சொல்வாய், அதுவும் பயந்துகொண்டு உடனே போட்டுவிடும். மேளமும் அடியுமாக உன் பாட்டு வந்தால் எனக்குத் தலை வலிக்கும். வார்த்தை புரியாது. காது பழகுவதற்குள் முடிந்துவிடும். "ரெண்டாவது சரணம் எங்கடி போச்சு? பாட்டுக்கு நடுவுல வாத்தியம் வாசிக்கிறவங்களுக்கெல்லாம் லீவு விட்டுட்டாங்களா?" என்று கேட்பேன். எங்கள் காலத்துப் பாட்டு எப்படி இருந்தது தெரியுமா என்று ஆரம்பிப்பேன்.

நீ விடுகிற ஆளா? "தே, நிறுத்துக்கா. உங்க காலத்துல குப்பையே வர்லியா? அத்தெல்லாம் மறந்துட்டு நல்லது நாலு மட்டும் கையில வெச்சுகினு, இன்னிக்கு வர்ற அத்தினி பாட்டோடயும் சண்டைக்கு வர்ற. இது இன்னா நாயம்?"

அதற்கு நான் என் முறைப் பாட்டைச் சத்தம் கூட்டி வைத்தேன்.

இன்னொரு நாள் உன் விடுதியில் நடந்ததைச் சொன்னாய். தர்மபுரிப் பக்கத்துப் பெண் ஒருத்தி, தானே எழுதிய பாட்டைக் குளியலறைக்குள் நின்று போனில் பதிவு செய்திருக்கிறாள். அங்கேதான் எதிரொலி நன்றாக வருமாம். சத்தம் போடாதே என்று அதட்ட வேண்டிய வார்டன் நீ, பக்கெட்டோடு வந்த மற்றப் பெண்களைத் தடுத்து நிறுத்திக் கதவுக்கு வெளியே காவல் இருந்திருக்கிறாய். "அந்தக் காலத்துல இந்தப் பொண்ண ஸ்டூடியோ கேட்டுக்குள்ள வுட்டுருப்பானாக்கா? இப்ப இதுங்களுக்கு பாத்ரூமே ஸ்டூடியோ." அந்தப் பாட்டையும் எனக்குப் போட்டுக் காட்டினாய். சுருதி அங்கங்கே விலகியது. அதைச் சொன்னேன். "சுருதி நாளைக்கு வரும், குரல் இன்னிக்கே வந்துட்ச்சில்ல" என்றாய்.

பாட்டு முன்னேறுகிறதா, கெட்டுப்போகிறதா என்ற நம் சண்டை இப்படியே வருஷக்கணக்கில் ஓடியது. இயந்திரமே பாட்டு எழுதி, இயந்திரமே பாடவும் தொடங்கிவிட்டதைப் பேப்பரில் படித்துவிட்டு, இனி என்னதான் மிச்சம் என்று நான் புலம்பியபோதுகூட நீ அசரவில்லை. "பாடிட்டுப் போவட்டும்க்கா. நம்ம புள்ளைங்க கேட்டுட்டு சும்மாவா இருக்கும்? அதும் மேல நாலு வார்த்த சேத்து வேற மாரி பாடும், பாரேன்."

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை நீ சர்ச்சில் பூசைக்குப் போய்விட்டு வந்து நெஞ்சு வலிக்கிறது என்றாயாம். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. கல்லறையில் பாடல் குழுவினர் இழுத்து இழுத்துப் பாடினார்கள். உனக்கு இது பிடிக்காதே, கொஞ்சம் வேகமாகப் பாடுங்களேன் என்று சொல்லத் தோன்றி, அந்த நினைப்பிலேயே அழுதுவிட்டேன்.

சில வாரம் நடக்கவே போகவில்லை. மறுபடி போகத் தொடங்கியபோது போன் தன் பாட்டுக்குப் போட்டது: ஒன்று என்னுடையது, ஒன்று உன்னுடையது. அதற்கு நாம் இரண்டு பேர் என்று தெரியாது. புல்லாங்குழலும் குத்துப்பாட்டும் மாறி மாறிக் கேட்கிற கிறுக்குப் பெண்மணி ஒருத்தி என்று நினைத்திருக்கும். உன் பாட்டு வரும்போதெல்லாம் தாங்க முடியாமல் அடுத்த பாட்டுக்குத் தள்ளிவிட்டேன்.

ஒருநாள் ஏரியை ஒட்டிப் போய்த் திரும்பும்வரை வந்தது எல்லாமே என் பாட்டுகள். எல்லாம் அருமையான பாட்டுகள். வீட்டு வாசலுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. உன் பாட்டு ஒன்றுகூட வரவில்லை. நீ இறந்த செய்தி வந்த அன்றைக்கு இருந்ததைவிட அன்று எனக்குப் பயமாக இருந்தது. பெங்களூரில் வேலை பார்க்கும் மகனுக்குப் போன் செய்தேன். "அது உன்னைப் பாத்துதாம்மா கத்துக்குது. நீ தள்ளித் தள்ளி விட்டா, இது உனக்குப் புடிக்கலன்னு எடுத்துக்கும். உனக்குப் புடிச்சது மட்டும்தான் வரும், நல்லதுதானே?" என்றான்.

நல்லதா? அன்றைக்கு அதைப் பற்றி நிறைய யோசித்தேன். எனக்குப் பிடித்ததை மட்டுமே தரும் போன், நாளைக்கு எனக்கென்றே பாட்டைச் செய்தும் கொடுக்கும். அது நன்றாகவே இருக்கலாம். ஆனால் பக்கத்தில் ஒருத்தி நிற்கிறாளே என்பதற்காகப் பிடிக்காத பாட்டைப் பல்லைக் கடித்துக்கொண்டு முழுதாகக் கேட்கிற வேலை யாருக்கும் இருக்காது. நம் சண்டையில் இரண்டு பேருமே இதைக் கவனிக்கவில்லை. பாட்டு எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்தோமே தவிர, அதைக் கேட்கிறவர்கள் தனித்தனியாகப் பிரிந்து போவதைப் பார்க்கவில்லை.

மறுநாளிலிருந்து உன் பாட்டுகளை நானே தேடிப் போட்டேன். உன்னை மாதிரியே போனை அதட்டிக்கூடப் பார்த்தேன், எதிரே வந்த தம்பதி சிரித்துக்கொண்டே போனார்கள். ஒரு பாட்டையும் பாதியில் நிறுத்தவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக உன் ரகப் பாட்டுகள் திரும்பி வந்தன. நான் எதிர்பாராதது ஒன்றும் கூடவே வந்தது. நீ போன பிறகு வெளியான பாட்டுகள், நீ கேட்டே இராதவை. முதல் தடவை அப்படி ஒன்று வந்தபோது கரையிலேயே நின்றுவிட்டேன். இது உனக்குப் பிடிக்குமா, பிடிக்காதா? சொல்ல நீ இல்லை. வேறு வழியில்லாமல் நானே கேட்டு முடிவு செய்ய வேண்டியதாயிற்று.

அந்தப் பாட்டு வெறும் இரைச்சல், நீயே திட்டியிருப்பாய். அடுத்ததில் வார்த்தைகள் நன்றாக இருந்தன. இன்னொன்றில் ஒரு பெண், மேளமெல்லாம் சட்டென்று நின்றபின் மூச்சு வாங்குவது கேட்கும்படி ஒற்றை வரி பாடுகிறாள். அதைத் திரும்பவும் போட்டுக் கேட்டேன். உனக்காகத்தான் கேட்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நாலைந்து தடவைக்கு மேல் அந்தப் பொய் செல்லுபடியாகவில்லை.

நான் சொல்ல வந்த செய்தி இனிமேல்தான் இருக்கிறது. போன வாரம் காஞ்சிபுரத்தில் ஒரு கல்யாணம். பெங்களூரிலிருந்து வந்திருந்த மகன் கார் ஓட்டினான், என் போனைக் காரில் இணைத்திருந்தோம். பூந்தமல்லியைத் தாண்டும்போது அந்த மூச்சு வாங்கும் பெண்ணின் பாட்டு வந்தது. இருபத்தெட்டு வயதுப் பிள்ளை, முகத்தைச் சுளித்துக்கொண்டு மாற்றக் கை நீட்டினான். கையைத் தட்டிவிட்டேன்.

"இதெல்லாம் ஒரு பாட்டாம்மா? மெலடியே செத்துப்போச்சு. பழசு ஏதாவது போடேன்."

எனக்கு வந்ததே ஆத்திரம்! "இன்னா தெரியும் உனக்கு? கம்முனு கேளு" என்றேன்.

அவன் திரும்பி என்னை ஒரு மாதிரி பார்த்தான். தஞ்சாவூர் அம்மாவின் வாயிலிருந்து அவன் அப்படி ஒரு பேச்சைக் கேட்டதே இல்லை. நானும் கேட்டதில்லை. புல்லாங்குழல் வேண்டும், வயலின் வேண்டும், இரண்டாவது சரணம் வேண்டும் என்று அவன் அடுக்க அடுக்க, நான் உன் பக்கம் நின்று ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லிக்கொண்டே போனேன். திருமழிசை தாண்டியும் நான் விட்டுக்கொடுக்கவில்லை.