கோட்டுக்குப் பின்னால் இருந்த சுரம்

ஜூலை 6, ஞாயிறு

காணிக்கைப் பாட்டின் நடுவில், சுரப் பிரதியைக் காட்டும் டேப்லெட் மறுபடி உறைந்துவிட்டது. இரண்டாம் பக்கம் வரவே இல்லை. தட்டினேன், தடவினேன், கடைசியில் குத்தினேன். அதற்குள் கை தானாக ஏதோ வாசித்துக்கொண்டிருந்தது. என்ன பாட்டு என்று எனக்கே தெரியாது. வெளியே வந்தால் போதகரின் மனைவி கையைப் பிடித்துக்கொண்டு, "இன்னிக்கு வாசிச்சது அப்படியே உருக்கிடுச்சு டீச்சர்" என்கிறார். அடக்கமாகத் தொப்பியைச் சரிசெய்துகொண்டேன்.

டேப்புக்கு ஒன்பது வயது. ஆக்லாந்தில் இருக்கும் அக்கா அலுத்துப்போய்க் கொடுத்தது. நாலு வருஷத்துக்கு முன் பேருந்தில் நானே அதன் மேல் உட்கார்ந்தேன். அன்றிலிருந்து திரையில் மேலிருந்து கீழாக, விரல் அகலத்துக்கு ஒரு கறுப்புக் கோடு. கோட்டுக்குப் பின்னால் என்ன சுரம் இருக்கும் என்று ஊகித்து வாசித்துவிடுவேன். இருபது வருஷம் ஆர்கன் வாசித்தவளுக்கு இதுகூடத் தெரியாதா?

ஜூலை 8, செவ்வாய்

பழைய டேப்பையும் புதியதையும் ஒருவர் வீடியோவில் நாற்பது நிமிடம் ஒப்பிட்டுப் பேசுவதைக் கடைசிவரை பார்த்தேன். உங்கள் தேவையைப் பொறுத்தது என்று முடித்தார். இதை முதல் நிமிடத்திலேயே சொல்லியிருக்கலாம்.

மனாசேயிடம் விலையைச் சொன்னேன்.

"அந்தக் காசுக்கு ரெண்டு பன்னி வாங்கலாம் லோசா."

"பன்னி பாட்டு காட்டுமா?"

"காட்டாது. ஆனா நடுவுல நின்னு போகாது."

கணவர் என்று ஒருவர் இருப்பதே இதற்குத்தான்.

ஜூலை 13, ஞாயிறு

தேலேசியா ஆக்லாந்திலிருந்து திரும்பிவிட்டாள். மூன்றாம் வகுப்பில் என்னிடம் படித்த பிள்ளை. இப்போது ஆஸ்பத்திரியில் நர்ஸ். மாலை ஆராதனையில் அவளை வாசிக்கச் சொன்னார்கள். தட்டு அகலத்துக்கு ஒரு டேப் எடுத்து வைத்தாள். தரையில் ஒரு சின்னக் கட்டை. காலால் மிதித்தால் பக்கம் புரள்கிறது. என் பக்கத்தில் இருந்தவர்கள் பாட்டைக் கேட்கவில்லை, அவள் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நானும்தான்.

ஜூலை 14

பொறாமை எல்லாம் இல்லை. கண்ணுக்கு வசதி, அவ்வளவுதான்.

ஜூலை 15

சரி, பொறாமைதான்.

ஜூலை 19, சனி

எழுதவே கை வரவில்லை.

சபையின் ஆண்டு விழா ஆகஸ்ட் பதினேழு. அதற்குப் போதகர் இலாயா சவாயி தீவிலிருந்து வருகிறார். நாங்கள் நாலு வருஷமாகப் பாடும் அந்திப் பாட்டை எழுதியவரே அவர்தான். அவர் முன்னால் அதைப் பாட வேண்டும் என்று இன்று ஒத்திகை. என் டேப் எழுந்திருக்க மறுத்தது. தேலேசியா தன்னுடையதை நீட்டினாள். அவளிடமும் அதே பிரதி இருந்தது. வாங்கி வைத்து, மகாராணி மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

மூன்றாம் வரியில் நான் ஒரு பக்கம் போனேன், பாடகர் குழு ஒரு பக்கம் போயிற்று. எல்லோரும் நின்றார்கள்.

திரையைப் பார்த்தேன். என் டேப்பில் கோடு விழும் இடம். மெட்டு அங்கே மேலே ஏறுகிறது. நான் கண்ட நாளாக இறங்கிக்கொண்டிருக்கிறேன். என்னிடம் கேட்டுக் கற்றுக்கொண்ட முப்பது பேரும் நாலு வருஷமாக என்னோடு இறங்கிக்கொண்டிருக்கிறார்கள்.

குழுவை நடத்தும் பிலிமோனா, "என்ன டீச்சர் ஆச்சு?" என்றார். அப்போது தேலேசியா மெதுவாக, "என் பிரதிதான் தப்போ என்னவோ" என்றாள். என் முகத்தைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னாள். அவளுக்குத் தெரிந்துவிட்டது.

நான் என்ன சொன்னேன்? "ஆமா, இவ பிரதி வேற மாதிரி இருக்கு" என்றேன்.

பிலிமோனா அவளிடம் அதை அழித்துவிடச் சொன்னார். "சரிங்க" என்று தலையாட்டினாள்.

ஜூலை 20, ஞாயிறு

மனாசே கேட்டார், புது டேப் என்ன ஆயிற்று என்று. பழையதே போதும் என்றேன். நல்ல உழைப்பு, இன்னும் பத்து வருஷம் வரும் என்றேன். ரெண்டு பன்றி மிச்சம் என்று அவருக்குச் சந்தோஷம்.

உள்ளதை எழுதினால் என்ன? புதியதை வாங்கினால் எல்லாம் தெரியும். எனக்கும் தெரியும், பின்னால் நின்று எட்டிப் பார்க்கிறவர்களுக்கும் தெரியும். கோடு இருக்கிறவரை நான் பெரிய வித்வான்.

ஜூலை 22

விரலால் பக்கத்தை ஒரு அங்குலம் தள்ளியிருந்தால் கோட்டுக்குப் பின்னால் இருந்தது வெளியே வந்திருக்கும். இன்றுதான் தள்ளிப் பார்த்தேன். நாலு வருஷத்தில் ஒரு தடவை — ஒரே ஒரு தடவை — ஏன்டி தோணல உனக்கு?

ஜூலை 23

மருந்து வாங்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். தேலேசியா ஓடி வந்து நாற்காலி போட்டாள். குறை சொல்லி ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மூன்றாம் வகுப்பில் பொய் சொன்ன பிள்ளைகளைச் சுவர் பக்கம் திரும்பி நிற்க வைப்பேன். இவளை ஒரு நாள்கூட நிறுத்தியதில்லை.

ஜூலை 26, சனி

சொல்லிவிட்டேன்.

ஒத்திகை ஆரம்பிக்கும் முன் எழுந்து நின்றேன். தேலேசியாவின் பிரதிதான் சரி, நான்தான் தப்பு, போன வாரம் தெரிந்தே அவள் மேல் போட்டேன் என்றேன். டேப்பைத் தூக்கி அந்தக் கோட்டையும் காட்டினேன். தேலேசியா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிலிமோனா தொண்டையைக் கனைத்தார்.

"நாலு வருஷம் முந்தி மொத நாளே அது எறங்கறது எனக்குக் கேட்டுச்சு டீச்சர்."

"அப்புறம் ஏன் சொல்லல?"

"நீங்க வேணும்னே மாத்திருப்பீங்கன்னு நெனச்சேன். டீச்சர்கிட்ட போய் எப்படிக் கேக்கறது?"

பின் வரிசையில் யாரோ சிரித்தார்கள். அப்புறம் எல்லோரும். ஆண்கள் வரிசையில் மனாசேயின் சிரிப்பு தனியாகக் கேட்டது. நான் ஆர்கன் பின்னால் உட்கார்ந்துகொண்டேன். சிரித்தேனா அழுதேனா, தெரியவில்லை. மூக்கு சிந்தினேன், அது மட்டும் நிச்சயம்.

முடிந்ததும் தேலேசியாவிடம் போனேன். "மன்னிச்சுக்கம்மா. நீ ஏன் அன்னிக்கு அப்படிச் சொன்னே?"

"நீங்க பதறிட்டீங்க டீச்சர். பாக்க முடியல."

ஆகஸ்ட் 9

இரண்டு வாரமாக மூன்றாம் வரி ஏறவே மாட்டேன் என்கிறது. நான் நன்றாகத்தான் கற்றுக்கொடுத்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

தேலேசியா அந்தப் பிரதியை அழித்திருக்கவில்லை; அவள் டேப்பில் பார்த்து நான் வாசித்தேன். பக்கம் புரட்ட அவள் பக்கத்தில் நின்றாள். அந்தக் கட்டையை நான் மிதித்தால் மூன்று பக்கம் தாண்டிவிடுகிறது. மூன்றாம் வரியில் பெண்கள் ஏறினார்கள். ஆண்களில் பாதி ஏறினார்கள். என் கணவர் கண்ணை மூடி, உலகத்தை மறந்து, உரக்க இறங்கினார்.

போதகர் இலாயாவைத் திரும்பிப் பார்த்தேன். தூங்கிக்கொண்டிருந்தார். நேற்று படகில் அலை அதிகமாம். ஆமென் சத்தத்தில் விழித்து எல்லோருக்கும் கை குலுக்கினார். இதற்காகத்தான் ஒரு மாதம் சோறு இறங்காமல் கிடந்தேன்.

ஆகஸ்ட் 20

அக்காவுக்குச் செய்தி போட்டேன்: பெரிய டேப்பாக வாங்கி அனுப்பு. மிதிக்கும் கட்டை வேண்டாம்.

ஆகஸ்ட் 23, சனி

தேலேசியா வேலை முடிந்து வீட்டுக்கே வந்தாள். கோடு விழுந்த பிறகு நான் கற்ற பாட்டுகளைப் பட்டியல் போட்டு வைத்திருந்தேன். பதினொன்று. சூடான கோகோவோடு உட்கார்ந்து ஒவ்வொன்றாக அவள் திரையில் திறந்தோம். முதல் பாட்டில் ஒரு தப்பு. அவள் அதைத் தொட்டுக் காட்ட அவ்வளவு தயங்கினாள். இரண்டாவது சரி. மூன்றாவதில் நாலு தப்பு. அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

ஏழாவதை நான் வாசித்துக்கொண்டிருக்கும்போதே என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்திவிட்டாள்.

"நிறுத்துங்க டீச்சர், இது வேற பாட்டு."