வெள்ளிமலையில் இல்லாத தோப்பு

அன்பு மகள் நிஷாத்துக்கு, கள்ளக்குறிச்சியிலிருந்து அத்தா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் அம்மாவும் சுகம், டெல்லிக் குளிரில் நீயும் சுகமாக இருக்கத் தினமும் துஆ கேட்கிறோம். அம்மாவுக்கு முட்டிவலி கம்மி, கடையில் வியாபாரமும் கம்மி. இதைப் போனில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

நீ லண்டன் யுனிவர்சிட்டியில் படிக்க முழுச் செலவையும் தருகிறோம் என்ற அந்த டிரஸ்டை நான் இன்றுவரை நம்பவில்லை. இரண்டு பக்கெட் வாங்கினால் மக் இலவசம் என்று நம் கடையில் நானே போர்டு எழுதி வைத்திருக்கிறேன், அந்த மக்கின் விலை எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். முன்பின் தெரியாதவன் எதற்கு என் மகளுக்கு லட்சக்கணக்கில் கொடுக்கிறான், பிறகு என்ன கேட்பான், பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்வானா, எதிலெல்லாம் கையெழுத்து வாங்கினான்? பொடி எழுத்து வரை படித்துவிட்டேன் என்றாய். நீ படித்திருப்பாய், எழுதினவன் உன்னைவிடப் படித்தவன்.

விண்ணப்பத்தில் நீ பொய் சொன்னதாகச் சொல்லி உதவியை நிறுத்திவிட்டார்கள் என்று போன வாரம் அழுதாயே, பொய் சொன்னது நீ இல்லை, நான். போன மாதம் சேலத்திலிருந்து ஜுல்பிகர் என்று ஒருவர் கடைக்கு வந்து, உங்கள் மகளைப் பற்றி விசாரிக்க வேண்டும் என்றார். யார் அனுப்பியது என்று அவர் சொன்னபோது நான் ஒருவருக்குச் சில்லறை எண்ணிக் கொடுத்துக்கொண்டிருந்தேன், காதில் விழவில்லை. வீட்டுக்கு அழைத்துப் போனேன். சொந்த வீடா, நிலம் உண்டா, யார் யார் சம்பாதிக்கிறீர்கள், பெண் எப்படி என்று வரிசையாகக் கேட்டார். மாப்பிள்ளை வீட்டாரைத் தவிர வேறு யார் இதெல்லாம் கேட்பார்கள்? அம்மா என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டு, "இன்னாங்க பார்த்துக்கினு நிக்கிறீங்க, வாடகை வூடுன்னு சொல்லிடாதீங்க" என்றாள். டெல்லியில் நீ யாரையோ பார்த்து வைத்துக்கொண்டு, எங்களுக்குத் தெரியாமல் ஆள் அனுப்பியிருக்கிறாய் என்று எனக்குச் சந்தேகம். கோபமும் வந்தது, நம்மைக் குறைவாக நினைத்துவிடக் கூடாது என்ற ரோஷமும் வந்தது. சொந்த வீடு என்றேன், பக்கத்துக் கடையும் நம்முடையது என்றேன், வெள்ளிமலையில் மூன்று ஏக்கர் தோப்பு என்றேன். அம்மா தன் பங்குக்கு ருக்சார் சித்தியின் நெக்லஸைப் போட்டுக்கொண்டு வந்து டீ கொடுத்தாள். அவர் எல்லாவற்றையும் எழுதி என்னிடம் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார். சம்பந்தம் பேச வந்தவருக்குக் கையெழுத்து எதற்கு என்று, ஊரையே சந்தேகப்படுகிற எனக்கு அன்று தோன்றவில்லை.

நீ அழுதபோதே, வந்தவர் அந்த டிரஸ்ட் அனுப்பிய ஆள் என்று எனக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் சொல்லவில்லை. நீ இனி லண்டன் போக மாட்டாய் என்று உள்ளூர சந்தோஷப்பட்டேன் மகளே. ஆறு நாள் அந்தச் சந்தோஷத்தோடு கடையைத் திறந்து மூடினேன், அம்மாவிடம்கூட வாயைத் திறக்கவில்லை. நேற்று நீ போனில், "நான்தான் எங்கியோ தப்பா எழுதிட்டேன் போல அத்தா" என்று உன்னையே சந்தேகப்பட்டாய். அதற்குமேல் என்னால் தாங்க முடியவில்லை.

வீட்டுக்காரர் ஆசீர்வாதம் கையெழுத்துப் போட்ட வாடகைப் பத்திரம், முன்பே வாங்கி வைத்திருந்த தாசில்தார் ஆபீஸ் வருமானச் சான்று, நான் சொன்னது பொய் என்று என் கைப்பட எழுதின பேப்பர், மூன்றும் இதோடு இருக்கின்றன. அன்று கொடுத்துவிட்டுப் போன நம்பரில் கூப்பிட்டேன், ஜுல்பிகரும் நடந்ததை டிரஸ்டுக்கு எழுதி அனுப்புவதாகச் சொன்னார், அவரை நம்புகிறேனா என்று கேட்காதே. பதில் கொடுக்கக் கெடு பதினெட்டாம் தேதியாம், அதற்குள் நீயே டிரஸ்ட் ஆபீஸில் நேரில் கொடுத்து ரசீது வாங்கு. தொழுகையை விடாதே, நேரத்துக்குச் சாப்பிடு. அல்லாஹ் உன் படிப்பையும் ஆயுளையும் பெருக்கி வைப்பானாக. அவர்கள் சரி என்று சொன்னால் கிளம்புகிற நாளை அம்மாவிடம் மட்டும் சொல். என்னிடம் நீ டிக்கெட் எடுத்த பிறகு சொன்னால் போதும்.

துஆவுடன்,
உன் அத்தா
கவுஸ் பாஷா