ஜீப்பில் நீ விட்ட இடம்

இன்று காலை போடி பேருந்து நிலையத்துக்கு வெளியே நின்றிருந்தேன். போடிமெட்டுக்கு ஏறும் ஜீப்பு ஒன்று பக்கத்தில் வந்து நின்றது. உள்ளே ஏலத்தோட்டத்து வேலைக்குப் போகிற பெண்கள். ஈரச் சாக்கும் பச்சை ஏலக்காயும் கலந்த அந்த வாசம் வந்ததும் என் கால் தானாகப் பின்வாங்கியது. "ஏறுறியாக்கா? வெரசா சொல்லு" என்று ஒருத்தி எனக்காகத் தள்ளி உட்கார்ந்தாள். நீயும் அப்படித்தான் தள்ளி உட்கார்ந்தாய்.

கல்லூரி விடுமுறையில் நம் ஊர்ப் பெண்கள் உங்களோடு நான் ஏலக்காய் எடுக்க வந்த வருஷம் அது. நீ ஜெபக் கூட்டத்துக்குப் போகத் தொடங்கியிருந்தாய். அதைக்கூட ஊர் பொறுத்துக்கொண்டது. அம்மன் திருவிழாவுக்கு வீட்டுக்கு ஒரு முளைப்பாரி போட்டாக வேண்டும். உன் வீட்டில் மட்டும் விதை போடவில்லை. ஊர்க்கூட்டத்தில் நிறுத்திக் கேட்டார்கள். "ஆத்தாள நான் வையலப்பா. மனசுல இன்னொருத்தர வச்சுக்கிட்டு அவ முன்னாடி பாரி தூக்குனா, அது ரெண்டு பேருக்கும் பொய்யி" என்றாய். உன்னோடு யாரும் பேசக்கூடாது, புழங்கக்கூடாது என்று அங்கேயே முடிவானது.

மறுநாள் நீ முதல் ஆளாக ஜீப்பில் உட்கார்ந்திருந்தாய். ஒருத்தியும் ஏறவில்லை. நான் படியில் கால் வைத்தேன். நீ என்னைப் பார்த்துவிட்டுத் தூக்குவாளியை மடியில் எடுத்துக்கொண்டு ஓரமாய் நகர்ந்தாய். சித்தி என் கையைப் பிடித்து இழுத்தாள். "எறங்குடி. நாளைக்கு உன்னைய ஒருத்தன் கையில பிடிச்சுக் குடுக்க வேணாமா?"

காலைக் கீழே எடுத்துவிட்டேன்.

"உங்க ஆண்டவர்ட்டச் சொல்லி தனியா ஒரு ஜீப்பு கொண்டாரச் சொல்லு தாயி" என்றான் டிரைவர். எல்லாரும் சிரித்தார்கள். நீ இறங்கி நடந்தாய். நாங்கள் ஏறிய ஜீப்பு உன்னைக் கடந்து போனபோது தலைத்துணியை இழுத்து முகத்தை மறைத்துக்கொண்டேன்.

கடவுளுக்காகத் துன்பப்பட்டவர்களின் கதைகளைத்தான் இப்போது வகுப்பில் நடத்துகிறேன். அவர்களை நெருப்பு சுடுவதில்லை, விஷம் கொல்வதில்லை. உனக்கு அப்படி எதுவும் நடக்கவில்லை. நடந்தே வேலைக்குப் போனாய். பிறகு குரங்கணிப் பக்கம் குடிபோனாய்.

உன்னைப் பற்றி நான் எழுதிய கதையில் ஒரு கல்லூரிப் பெண் உன்னோடு ஜீப்பிலேயே உட்கார்ந்திருப்பாள். என் மாணவிகளுக்கு அவளைத்தான் பிடிக்கும். குரங்கணியில் உன்னைத் தேடி வந்து அதைக் கொடுத்தபோது, நீ படித்துவிட்டு வரக்காப்பி கலந்து தந்தாய். "நல்லாத்தான் எழுதிருக்க புள்ள. அந்தப் பொண்ணு மட்டும் யாருன்னு தெரியல. அன்னைக்கு ஜீப்புல நான் மட்டுந்தான இருந்தேன்?" கொஞ்சம் கழித்து நீயே சொன்னாய்: "இருந்திருந்தா நல்லாத்தான் இருந்திருக்கும்."

போன மழைக்காலத்தில் நீ போய்ச் சேர்ந்துவிட்டாய். அந்தக் கதை இப்போது புத்தகமாகிறது. திருத்திய பக்கங்களைப் பதிப்பகத்தில் கொடுக்கத்தான் இன்று கிளம்பினேன். அந்தப் பெண்ணை எடுத்துவிட்டேன் என்றதும் பதிப்பகத்துத் தம்பி போனில் பதறினான். "அக்கா, அவதானக்கா கதையே! அவ இல்லாட்டி கதை படுத்துருமே."

படுக்கட்டும் என்றேன். கதையில் அந்தப் பெண் இருந்த இடத்தில் இப்போது இரண்டே வரிதான் இருக்கிறது: எனக்காக அவள் தள்ளி உட்கார்ந்தாள். நான் ஏறவில்லை.