தோளைத் தாண்டாத குண்டு

அண்ணா,

என் கணவர் ராய்ஸை அறுவைச் சிகிச்சைக்குக் கொண்டுபோயிருந்த நேரத்தில் போன் செய்து, "பன்னி கெடச்சுதா? குண்டு எவ்ளோ ஆழம் போயிருக்குன்னு பாத்தியா?" என்று கேட்டாய். இதோ பதில்.

கிடைத்தது. சீமைக்கருவேலம் புதருக்குள் அவர் மேலேயே நின்றுகொண்டிருந்தது. அலறல் கேட்டு ஓடிப்போய், வீட்டிலிருந்த பழைய துப்பாக்கியால் நான்தான் சுட்டேன். பிறகு ஆள் விட்டுத் தோலை உரித்துப் பார்க்கச் சொன்னேன். உன் குண்டு தோளிலேயே பொடிப்பொடியாகியிருந்தது. காயம் உள்ளங்கை அகலம். ஆழம் ஒரு விரற்கடைகூட இல்லை.

அவர் உன்னிடம் முன்பே சொன்னார். "மச்சான், இது நரி சுடுற குண்டு. ஆண் பன்னிக்குத் தோள்ல கேடயம் மாதிரி தடிச்சிருக்கும்." நீ சிரித்தாய். "ஒத்தக் குண்டுலயே சாய்க்கிறவனுக்கு எந்தக் குண்டா இருந்தா என்ன மாப்ள?"

பன்றி புதருக்குள் ஓடியதும் நீ வண்டியில் ஏறிக்கொண்டாய். அடிபட்டதை அப்படியே விடக்கூடாது என்று அவர் உள்ளே போனார். அவர் அலறியதும் உதவிக்கு ஆள் கூட்டிவரக் கிளம்பினாயாம். டல்லாஸில் உன் வீடு வரைக்கும் ஒருவரும் கிடைக்கவில்லை போலிருக்கிறது.

'ஒரே குண்டு, ஒரே பன்றி' என்று துப்பாக்கியோடு நீ இணையத்தில் போட்ட படத்தையும் பார்த்தேன். துப்பாக்கியை நன்றாகத் துடைத்திருக்கிறாய்.

அவருடைய இடது பூட்ஸை, இனி அவருக்குத் தேவைப்படாது என்று குப்பையில் போட்டுவிட்டேன்.

மயக்கம் தெளிந்ததும் அவர் முதலில் கேட்டது உன்னைத்தான். "உங்கண்ணன் பத்திரமா வீடு போய்ச் சேந்தானா?"

"சேந்துட்டான்," என்றேன். "ஒரு கீறல்கூட இல்ல."

உன் தங்கை